கழற்றி வைத்த வளையல்கள்

மூன்றாம் தடவையும் வளையல் சத்தம்தான் முதலில் கேட்டது. வலி அதன் பின்னால் வந்தது.

பாமா சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குக்கரிலிருந்து இறக்கிய பருப்பின் ஆவியும், ஐந்து நாளாக வெயில் காணாமல் ஸ்டாண்டிலேயே புழுங்கிக் கிடந்த துணிகளின் வாடையும் ஒன்றாக மூக்கில் ஏறின. பாணேரில் மழை பிடித்துக்கொண்டால் மத்தியானம் மூன்று மணிக்கே விளக்குப் போட வேண்டியிருக்கும். ஒன்பதாவது மாடி ஜன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டடத்தைக் காணோம், வெள்ளையாக மேகம் மட்டும் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த அமைதியில், மடியில் கிடந்த கையை யாரோ எடுத்துத் திரும்ப வைப்பதுபோல, கண்ணாடி வளையலோடு வளையல் ஒரே ஒரு முறை உரசியது. பின் அறையில். அடுத்த மூச்சில் அவள் வயிறு இறுகிக் கல்லாயிற்று.

அவள் கையில் வளையல் கிடையாது.

மூன்று வாரத்துக்கு முன், தாபோடியில் மாமியார் விசாலத்தின் பழைய வீட்டில் வளைகாப்பு நடந்தது. கேம்ப் பஜார்க் கடையில் விசாலமே பொறுக்கி வாங்கிய இருபத்தொரு வளையல்கள். பச்சை, சிவப்பு, திருஷ்டிக்கு இரண்டு கறுப்பு. பாமா புரண்டு படுத்தாலும் சத்தம், தலை வாரினாலும் சத்தம். போன வியாழக்கிழமை வலி வந்து இரண்டாம் தடவை ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது, ஊசி குத்தக் கையைப் பிடித்த நர்ஸ் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னாள். சோப்புத் தண்ணீர் விட்டுக் கழற்றினாள். மூன்று மணி நேரம் கழித்து, இது பொய் வலி, வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். வீங்கிய கையில் ஒரு வளையல்கூடத் திரும்ப ஏறவில்லை. அவற்றைப் போட்டு மூடிய டப்பா இப்போது பின் அறை அலமாரியில் இருந்தது.

திரும்பி வரும்போது காரில் விசாலம் சொன்னாள்: "பெத்தப்புறம் கழட்ட வேண்டியதை முன்னாடியே கழட்டிட்டே. இத்தனை நாளா அது அந்தச் சத்தத்தைத்தானே அம்மான்னு நெனச்சிண்டிருந்தது? இனிமே எந்தச் சத்தத்துக்கு வரப்போறதோ."

"அது என்ன பூனைக்குட்டியாம்மா, கூப்பிட்டா வர்றதுக்கு?" என்று ஷ்யாம் சிரித்தான். பிறகு கண்ணாடி வழியே பாமாவைப் பார்த்தான். "ரெண்டு தடவை லீவ் போட்டாச்சு. ஆபீஸ்ல ஸ்வீட் எங்கேன்னு கேக்கறா. அடுத்த தடவை நன்னா தெரிஞ்சுண்டு கூப்பிடு."

முதல் பிரசவத்துக்கு அவள் அம்மா வீட்டுக்குப் போகவில்லை. டாக்டர் இங்கே, இன்ஷூரன்ஸ் இங்கே என்று ஷ்யாம் பேச்சை முடித்துவிட்டான். கும்பகோணத்திலிருந்து அம்மா ரயிலேற இன்னும் ஆறு நாள் இருந்தது. இந்த வீட்டில் அவளுக்கென்று இருந்தது ஒன்றுதான். தினமும் மூன்றே முக்கால் வாக்கில் வயிற்றுக்குள் குழந்தைக்கு விக்கல் வரும். சின்னச் சின்னதாக, சீராக, அடிவயிற்றில் யாரோ ஒற்றை விரலால் தட்டுவதுபோல. அதை அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஏதாவது பேர் வைப்பார்கள்.

வலி இறங்கியதும் கூடத்துக்குப் போனாள். டிவியில் மராத்தி சீரியல் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. விசாலம் சோபாவில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள்.

"அம்மா, வலிக்கறது. பன்னெண்டு நிமிஷத்துக்கு ஒரு தரம்."

"தண்ணி குடி. எடது பக்கமாப் படு."

"பின் ரூம்ல சத்தம் கேக்கறதும்மா. வளையல் சத்தம்."

விசாலம் அப்போதுதான் திரும்பினாள். பாமாவின் முகத்தைப் பார்க்கவில்லை. மொட்டை மணிக்கட்டுகளைப் பார்த்தாள். "நக்ரா பண்ணாதே, பாசாங்கெல்லாம் வேண்டாம். சீரகத்தைக் கொதிக்க வெச்சுக் குடி. சூட்டு வலின்னா அடங்கிடும், நெஜ வலின்னா ஏறும். ஏறினா எழுப்பு."

கண்ணை மூடிக்கொண்டாள்.

சீரகம் கொதித்து, கசப்பும் காரமுமாக ஒரு வாசனை வீட்டைச் சுற்றி வந்தது. பாமா டம்ளரில் வடிகட்டி ஆற வைத்தாள். மறுபடி அந்த உரசல். இந்தத் தடவை அவள் வயிற்றைக் குனிந்து பார்த்தாள். நைட்டிக்குள் அது ஒரு பக்கமாகச் சாய்ந்து கூம்பியிருந்தது, வலப்பக்கமாக, பின் அறை இருக்கும் பக்கமாக. பல்லைக் கடித்துக்கொண்டு அவள் திரும்பி நின்றாள். உள்ளே ஒரு முழங்காலோ முதுகோ மெல்ல உருண்டது. வயிறு இப்போது இடப்பக்கம் சாய்ந்தது.

திரும்பவும் பின் அறையின் பக்கம்.

அது வெளியே வர முட்டவில்லை. கூப்பிட்ட இடத்துக்குப் போகப் பார்க்கிறது.

ஷ்யாமுக்கு போன் செய்தாள். "இன்னிக்கு வேற மாதிரி இருக்கு. வந்துடுங்கோளேன்."

"தண்ணி ஒடஞ்சுதா?"

"இல்ல."

"ரத்தம்?"

"இல்ல. ஆனா…"

"மீட்டிங்ல இருக்கேன், பாமா. அம்மா பக்கத்துல தானே இருக்கா?"

வயிற்றை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள். ஒரு கரண்டியை எடுத்து டம்ளரில் தட்டினாள். "இங்க இருக்கேன். நான் இங்கதான் இருக்கேன்," என்றாள். எவர்சில்வர் சத்தம் மொட்டையாக விழுந்து செத்தது. வளையல்கள் வேண்டும். எப்படியாவது கையில் ஏற்றிக்கொள்ள வேண்டும், தோல் உரிந்தாலும் சரி.

பின் அறை விளக்கு எரியவில்லை. புதுப் பெயின்ட்டின் நெடி. அலமாரித் தட்டில் அந்த டப்பா, இறுக மூடியபடி. நகம் வளைய நெம்பித் திறந்தாள்.

உள்ளே சோப்பு வாசனை. வேறொன்றும் இல்லை.

கதவுக்குப் பின்னால் இருந்த இருட்டில், அவள் முதுகுக்கு ஒரு முழம் தள்ளி, இருபத்தொரு வளையல்களும் ஒன்றாகச் சரிந்தன.

வலி இடுப்பை முறித்தது. சுவரைப் பிடித்து, டப்பாவைப் போட்டுவிட்டு, வெளியே வந்து கதவை இழுத்துச் சாத்தினாள். சமையலறை. டம்ளர். இது நின்றால் போதும். நின்றால் அது இங்கேயே இருக்கும். ஆறாத கஷாயத்தை ஒரே மூச்சில் குடித்தாள். நாக்கு வெந்தது.

வலி நின்றது.

அடங்கவில்லை. நின்றது. கயிற்றை அறுத்த மாதிரி.

வயிறு தளர்ந்து நடுவில் வந்து உட்கார்ந்தது. தொட்டாள். அழுத்தினாள். விரல் போன இடத்தில் குழி விழுந்து, மெல்ல நிரம்பியது.

மூன்று நாற்பது. நாற்பத்தைந்து. ஐம்பது.

விக்கல் வரவில்லை.

போனில் ஷ்யாமின் செய்தி: அடங்கிடுத்தா? அவள் தட்டினாள்: அடங்கிடுத்து. அசையவே இல்ல. உடனே பதில் வந்தது, ஒரு கட்டை விரல். அதன் கீழே: நான்தான் சொன்னேனே.

"அம்மா," என்று கூப்பிட்டாள். டிவியின் முணுமுணுப்பு அதை மூடிக்கொண்டது.

பின் அறையில் வளையல்கள் அசைந்தன. இப்போது ஒருமுறை அல்ல. விட்டு விட்டு. ஒரே சீராக. முதுகில் தட்டிக்கொடுக்கும் கையின் வேகம்.

நடுவில் வேறொரு சத்தம். சின்னது. ஈரமானது.

ஹிக்.

பாமா வயிற்றைப் பிடித்தாள். அங்கே ஒன்றுமில்லை.

ஹிக்.

கூடத்திலிருந்து விசாலத்தின் தூக்கக் குரல் வந்தது. "கொழந்தைக்கு விக்கல் எடுக்கறது பார். ஒரு சொட்டுத் தண்ணி காட்டு."

பின் அறைக் கதவு ஒரு சாண் திறந்திருந்தது. அவள் சாத்திய கதவு. இடுக்கில் ஒரு கை தெரிந்தது. வீங்கிய மணிக்கட்டு, அதில் பச்சையும் சிவப்பும் கறுப்புமாக வளையல்கள். அந்தக் கை, சத்தம் வராமலிருக்க வளையல்களை முழங்கைப் பக்கம் ஏற்றிவிட்டுக்கொண்டது. பிறகு, தூங்கும் குழந்தை விழித்துக்கொள்ளக் கூடாதே என்று பெற்றவள் சாத்துகிற மாதிரி, கதவை மெல்ல, மெல்ல உள்ளிருந்து சாத்தியது.