அந்தப் பக்கம் கைதூக்க ஒரு ஆள்

"சும்மா சொல்லல மச்சி… அந்த ரோலர் கோஸ்டர் பிளாட்பாரத்துல நிக்கிற பொண்ணு இருக்கே, அது ஆமை. சுத்தமான ஆமை!"

மூக்குக் கண்ணாடிக் கடைக்குள் நுழைந்தவளின் கால்கள் வாசல் மிதியடியிலேயே நின்றுவிட்டன.

கவுன்டருக்குப் பின்னால் ஒருவன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தான். ஒரு கையில் குட்டி ஸ்குரூடிரைவர், இன்னொரு கையில் போன். யாருக்கோ வாய்ஸ் மெசேஜ் அனுப்பிக்கொண்டிருந்தான்.

"ஒவ்வொரு சீட்டா நின்னு கம்பியை இழுத்துப் பாக்குது. அப்புறம் மறுபடியும் இழுக்குது. அப்புறம் ஆடி அசைஞ்சு அந்தப் பக்கம் போகுது. ஒரு வண்டி கிளம்புறதுக்குள்ள எனக்குத் தாடி வளர்ந்துடும். ரைடு அருமையான ரைடு மச்சி, ஸ்டாஃப்தான் தூங்குமூஞ்சி. அதான் நம்ம ரைடு ரசிகர் குரூப்ல அப்படிப் போட்டேன். பார்க்ல இருக்கறவங்க படிக்கட்டும்…"

படித்தார்கள். நன்றாகவே படித்தார்கள். படித்ததோடு நிற்காமல் அதைப் பெரிதாக அச்சடித்து, மேனேஜர் மேசைமேல் வைத்து, அவளைக் கூப்பிட்டு நிற்க வைத்து, "இன்னொரு புகார் வந்தா வேற வேலை பாத்துக்கோம்மா" என்றும் சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு க்யூவில் நிற்கிற வாண்டுகள்கூட "ஆமையக்கா, சீக்கிரம்!" என்று கத்துகின்றன. இத்தனைக்கும் காரணமான மகராசன் யார் என்று அவள் பல நாளாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். இதோ, கண்ணெதிரே நிற்கிறான்.

அவன் திரும்பினான். சிரித்த முகம். சும்மா இருக்கும்போதே சிரிப்பது போன்ற கண்கள்… 'இந்த முகத்துக்கு இப்படி ஒரு வாயா?' என்று நினைத்தாள். நினைத்ததற்காகத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

"வாங்க மேடம்… நல்லா நனைஞ்சுட்டீங்களே! என்ன வேணும்?"

கைப்பையிலிருந்து அம்மாவின் மூக்குக் கண்ணாடியை எடுத்து வைத்தாள். "ஒரு பக்கக் கம்பி கழண்டு போச்சு. சரி பண்ணணும். கொஞ்சம் முன்னாடியே வந்திருப்பேன். ஆமை பாருங்க… ஆடி அசைஞ்சுதான் வர முடிஞ்சுது."

அவன் சிரிக்கப் போனான். பாதிச் சிரிப்பு அப்படியே நின்றது. அவள் கண்களைப் பார்த்தான். நாள் முழுக்க ஊரார் கண்களைப் பார்ப்பதுதான் அவன் பிழைப்பு. ஆனால் தொப்பிக்கும் மழைக்கோட்டுக்கும் நடுவே இருந்த இந்தக் கண்களை, வாராவாரம் கடைசிப் பெட்டியில் ஏறி உட்காரும்போது ஒரு தடவைகூட அவன் பார்த்ததில்லை. பெரிய கண்கள்… மழையில் நனைந்த இமைகள்… அதில் கொதிக்கிற கோபம்.

"ஐயோ…" என்றான்.

"என்ன ஐயோ? அந்தப் பிளாட்பாரத்துல முன்னாடி எத்தனை பேர் இருந்தோம்னு தெரியுமா சார் உங்களுக்கு? வலது பக்கம் நான், இடது பக்கம் ஒரு அண்ணன். மடிமேல இறங்குற கம்பியை நான் இந்தப் பக்கம் இழுத்துப் பாத்துட்டுக் கை தூக்குவேன். அவர் அந்தப் பக்கம் பாத்துட்டுக் கை தூக்குவார். ரெண்டு கையும் மேல போனாத்தான் வண்டி கிளம்பும். இப்ப அந்த அண்ணனைத் தூக்கி கார் நிறுத்தற இடத்துல போட்டுட்டாங்க. ஆள் குறைப்பாம்! ரெண்டு பக்கமும் நான் ஒருத்தியே ஓடுறேன். முதல் இழுப்புல பூட்டின மாதிரி தெரியும், ரெண்டாவது இழுப்புல கையோட வரும். அதான் ரெண்டு தடவை. உங்களுக்குத் தாடி வளருதேன்னு நான் யாரையாவது வானத்துல பறக்க விடவா?"

கடையில் கண் பரிசோதனைக்கு உட்கார்ந்திருந்த பெரியவர் எழுத்துப் பலகையைப் பார்ப்பதை விட்டுவிட்டு இவளைப் பார்த்தார்.

அவன் கவுன்டர் விளக்கைப் போட்டான். கண்ணாடியை எடுத்தான். கழன்ற கம்பியை மாட்டினான், திருகினான், துடைத்தான், விளக்கில் பிடித்துப் பார்த்தான். துடைத்த கண்ணாடியையே அவன் மறுபடி துடைப்பதை அவள் கவனித்தாள். 'துடைக்கட்டும்… நல்லா துடைக்கட்டும்…'

"மன்னிச்சிடுங்க. எனக்குத் தெரியாது" என்றான்.

"தெரியாததை எழுதறதுக்கு ஒரு குரூப் வேற!"

மழையிலேயே இறங்கி நடந்தாள்.

அடுத்த விடுமுறை நாளில் அவன் பார்க்குக்கு வந்தான். வந்தவன் க்யூவில் நிற்கவில்லை. வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டே இருந்தான். அவள் வலது பக்கம் முடித்து, வண்டியின் வாலைச் சுற்றி இடது பக்கம் ஓடி, மறுபடி வண்டியைக் கிளப்பும் பட்டன் மேசைக்கு ஓடிவந்து… அவளுக்கு மூச்சு வாங்குவதை, தலைகீழாகச் சுற்றிவிட்டு வருகிற யாரும் பார்ப்பதில்லை. அவன் பார்த்தான்.

சாப்பாட்டு நேரத்தில் அவள் நேராக அவனிடம் போனாள்.

"என்ன, இன்னிக்கும் எவ்ளோ நேரமாகுதுன்னு பாக்க வந்தீங்களா?"

"இல்ல… உங்களைப் பாக்க வந்தேன்."

"என்னது?"

"அதாவது… நீங்க வேலை செய்யறதை." காது மடல் சிவந்துவிட்டது அவனுக்கு. "குரூப்ல மறுபடி எழுதிட்டேன். தப்பு என்னோடதுன்னு. ஆளைக் குறைச்சவங்களைக் கேளுங்க, ஓடுற ஆளைக் கேக்காதீங்கன்னு."

"என்ன சொன்னாங்க உங்க ஆளுங்க?"

"கண்ணாடிக்காரன் கவுந்துட்டான்னு சிரிக்கறாங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு முறைத்தாள். "கவுந்தீங்களா?"

"அது வந்து…"

"சாப்பாட்டு நேரம் முடிஞ்சுது." திரும்பி நடந்தாள். நடையில் ஏன் ஒரு துள்ளல் என்று அவளுக்கே புரியவில்லை.

இதற்கு நடுவே அம்மா வேறு. மூக்கை அழுத்துகிறது என்று கண்ணாடியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டு வந்து, "என்ன தங்கமான பையன் தெரியுமா! நாற்காலி போட்டு உக்கார வெச்சான். பொறுமையாப் பாத்தான். இந்தக் காலத்துல யாருடி இப்படி?" என்று வாய் ஓயாமல் புகழ்ந்தாள்.

"அம்மா… எனக்கு ஆமைன்னு பேர் வெச்சது அந்தத் தங்கம்தான்."

அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு மகளைப் பார்த்தாள். "உன் வேலைக்கு உலை வெச்சவனா? இது தெரியாம அவன்கிட்ட போய் என் பொண்ணு அப்படி, என் பொண்ணு இப்படின்னு பேசிட்டு வந்திருக்கேனே!" கண்ணாடியை மடித்து வைத்தாள். பிறகு குரலை இறக்கி, "இதோ பாரு. அவன் நல்லவனோ கெட்டவனோ… அவன் சகவாசம் நமக்கு வேண்டாம். மேனேஜர் ஏற்கெனவே உன்மேல கண்ணா இருக்கார். வீட்ல சம்பாதிக்கறது நீ ஒருத்திதான். வாயை மூடிக்கிட்டு வேலையைக் காப்பாத்திக்கோ" என்றாள்.

அம்மா சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அதனால்தான் அது அவ்வளவு வலித்தது. மறுநாள் வேலியோரம் நின்றவனிடம், "இனிமே இங்க வராதீங்க. நீங்க எழுதினதும் போதும், திருத்தினதும் போதும்" என்றாள். அவன் தலையாட்டிவிட்டுப் போனான். போகச் சொன்னது இவள்தான். அவன் அப்படியே போய்விட்டதற்காக அன்று முழுக்கக் கோபத்தில் இருந்ததும் இவள்தான். இந்த மனசை என்னவென்று சொல்வது…

புது ரைடு திறக்கிற நாள் வந்தது. பழையதைவிட உயரம், பழையதைவிட வேகம், ஊரெல்லாம் விளம்பரத் தட்டி. ரசிகர்கள் விடியும் முன்பே வந்து க்யூவில் நின்றுவிட்டார்கள். ஒரே மாதிரி சட்டை, ஒரே கூச்சல். முதல் வண்டியின் கடைசிப் பெட்டி என்றால் இவர்களுக்கு உயிர். அதற்காகக் குரூப்பில் சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். விழுந்தது யார் பேருக்கு? கண்ணாடிக்காரனுக்கு.

பிளாட்பாரத்தில் அவளை நிறுத்தியிருந்தார்கள். அவளை மட்டும்.

"இடது பக்கம் யார் சார்?" என்று மேனேஜரிடம் கேட்டாள்.

"ஆளெதுக்கு? கேமரா வெச்சிருக்கோமே! திரையில பாத்துக்கோ. ரெண்டு பக்கமும் ஆளுக்கொரு பட்டன் அமுக்கற மாதிரி செஞ்சு அனுப்பிட்டான் அந்தக் கம்பெனிக்காரன். அதையும் ஒயர் இழுத்து உன் மேசைக்கே கொண்டாந்துட்டோம். ஒரே ஆள் ரெண்டையும் அமுக்கலாம். எப்படி?"

பெருமையாக வேறு கேட்கிறார்! இரண்டு பேர் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தானே இரண்டு பட்டன்? இரண்டையும் ஒரே மேசையில் கொண்டுவந்து வைக்கிறவருக்கு மேனேஜர் என்று ஒரு பதவி, அதற்கு ஒரு குளிர்சாதன அறை.

மழை தூறத் தொடங்கியது. வண்டி நிரம்பியது. கடைசிப் பெட்டியில், இடது ஓரத்தில் அவன். அவளைப் பார்த்தான்… உடனே பார்வையைத் தாழ்த்திக்கொண்டான்.

அவள் வலது பக்கம் ஒவ்வொரு கம்பியாக இழுத்தாள். மறுபடி இழுத்தாள். கை தூக்கினாள். மேசைக்கு வந்து திரையைப் பார்த்தாள். கேமரா மேல் மழைத்துளி. திரை முழுக்கத் தண்ணீர். யார் மடிமேல் கம்பி இருக்கிறது, யார் மடிமேல் இல்லை என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

"அனுப்பும்மா" என்றார் மேனேஜர்.

"ஒண்ணுமே தெரியல சார்."

"தெரியற வரைக்கும் தெரிஞ்சா போதும். க்யூ எங்க நிக்குது பாரு. அனுப்பு."

அம்மாவின் குரல் காதில் கேட்டது. வாயை மூடிக்கோ… வேலையைக் காப்பாத்திக்கோ… அவள் இரண்டு பட்டன்களையும் பார்த்தாள். பிறகு இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"மாட்டேன் சார். அந்தப் பக்கம் கை தூக்க ஆள் இல்ல. ஆள் வந்தா அனுப்பறேன்."

"தள்ளு… நானே அனுப்பறேன். நீ நாளைலேர்ந்து வர வேண்டாம்."

மேனேஜரின் விரல்கள் பட்டன்மேல் இறங்கப் போன நேரம், கடைசிப் பெட்டியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"சார்! கம்பியைத் திறங்க. நான் இறங்கணும்!"

உட்கார்ந்தவர் இறங்க வேண்டும் என்றால் இறக்கிவிட்டே ஆக வேண்டும். எந்த ரைடிலும் அதுதான் விதி. அதைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வைத்ததும் மேனேஜர்தான். கம்பிகள் எல்லாம் ஒன்றாகத்தான் திறக்கும். திறந்தன. கண்ணாடிக்காரன் இறங்கினான். குலுக்கலில் கிடைத்த கடைசிப் பெட்டி, முதல் ஓட்டம், வாழ்நாள் முழுக்கப் பீற்றிக்கொள்ளக்கூடிய இடம்… அதை விட்டு இறங்கி மழையில் நின்றான்.

"டேய், பைத்தியமா உனக்கு?" என்று யாரோ கத்தினார்கள்.

"அந்தப் பக்கம் பாக்க ஆளே இல்லடா. நான் குரூப்ல ஆள் பத்தல, ஆள் பத்தலன்னு இத்தனை நாள் எதுக்கு எழுதினேன்? பொழுது போகலன்னா?"

கொஞ்ச நேரம் முணுமுணுப்பு. ஒருவன் திட்டினான். ஒரு பெண், "நேரமாகுது, உக்காருங்கப்பா!" என்றாள். அவன் இடத்தில் இன்னொருவன் ஓடிவந்து உட்கார்ந்தான். கம்பிகள் இறங்கின. உட்கார்ந்தவன் நிதானமாகக் கையைத் தூக்கி, "சார்… எனக்கும் இறங்கணும்" என்றான். மறுபடி திறந்தார்கள். அடுத்தவர் ஏறினார். அவருக்கும் இறங்க வேண்டுமாம்! அதற்கப்புறம் க்யூவே சிரிக்க ஆரம்பித்துவிட்டது. மேனேஜரின் முகம் போன போக்கைப் பார்க்க அவளுக்குக் கொடுத்து வைத்திருந்தது.

கடைசியில் மேனேஜரிடமிருந்து போன் பறந்தது. கார் நிறுத்துமிடத்திலிருந்து அந்த அண்ணன் விசிலைக் கழுத்தில் தொங்கவிட்டபடியே ஓடிவந்தார். இரண்டாவது பட்டனை அதன் பழைய இடத்தில் மாட்டினார்கள். இடது பக்கம் கம்பிகளை இழுத்துப் பார்த்துவிட்டு அண்ணன் கை தூக்கினார். அவளும் தூக்கினாள். வண்டி கிளம்பியது. கடைசிப் பெட்டியில் வேறு யாரோ உட்கார்ந்து கத்திக்கொண்டு போனார்கள்.

ஷிப்ட் முடிந்து ஊழியர் வாசல் வழியாக வெளியே வந்தபோது, சுவரோரம் நனைந்த கோழி மாதிரி நின்றிருந்தான் அவன்.

"வராதீங்கன்னு சொன்னேன்ல?"

"வேலிகிட்ட வராதீங்கன்னு சொன்னீங்க. இது வாசல்." குரலைத் தணித்தான். "வேலை… என்ன ஆச்சு?"

"நாளைக்கு வரச் சொல்லிட்டார். அண்ணனையும்தான். அவ்ளோ பேர் முன்னாடி வேற என்ன சொல்லுவார்? ஆனா கூட்டம் குறைஞ்சதும் மறுபடி ஒயரை இழுப்பார். எனக்குத் தெரியும்."

"அப்ப நானும் வந்து மறுபடி இறங்குவேன்."

"எத்தனை நாளைக்கு?"

"நீங்க இங்க நிக்கற வரைக்கும்." நனைந்த சட்டை நுனியைப் பிழிந்தான். "உங்கம்மாகிட்ட நான் வந்து பேசறேன். திட்டினாலும் பரவாயில்ல. அவங்க…"

"அம்மாகிட்ட அப்புறம் பேசலாம். முதல்ல என்கிட்ட பேசி முடிங்க."

மழை இரண்டு பேர் மேலும் பெய்தது. அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராகப் பார்த்தான்.

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. கடையில வந்து திட்டினீங்களே… அப்பலேர்ந்தே. சொல்ற தகுதி எனக்கு இல்லன்னு தெரியும். எழுதினது எழுதினதுதான். ஆனா சொல்லாம போனா நாளைக்கு என்னால ஒரு கண்ணாடிகூட ஒழுங்காப் பொருத்த முடியாது."

ஆமை என்ற பேர், மேனேஜரின் எச்சரிக்கை, இரவெல்லாம் விழித்து இவனை மனசுக்குள் திட்டியது… எல்லாம் ஒன்றாகப் பொங்கி வந்தது. கண்ணில் நிறைந்தது மழையா, கண்ணீரா என்று அவளுக்கே தெரியவில்லை.

"அழறீங்களா?" என்று பதறினான்.

"கோபமா இருக்கேன்!"

"இன்னும் என்மேலயா?"

"பின்ன? இவ்ளோ பண்ணினவரை எனக்கும் பிடிச்சுப் போச்சே… அதுக்குத்தான் இவ்ளோ கோபம்!"