பித்தளை மூடிக்குள்

என் நண்பன் ஹார்வி கல்ப்பின் வீட்டுக் கதவைத் திறந்ததுமே உருகிய கொழுப்பின் நாற்றம் மூக்கைத் துளைத்தது. லான்காஸ்டர் பக்கத்துப் பண்ணை வீடுகள் பன்றி அறுக்கும் குளிர்காலத்தில் இப்படி நாறும். ஆனால் இது மே மாதம், அடுப்பில் காபி மட்டும்தான் கொதித்துக்கொண்டிருந்தது.

அவன் மனைவி எல்மினா என்னை வாசலிலேயே நிறுத்தினாள். போன குளிர்காலத்தில் ஏலத்தில் ஒரு பழைய நீளத் துப்பாக்கியை எடுத்து வந்ததிலிருந்து ஹார்வி உருகிக்கொண்டே போகிறான், டாக்டர்களுக்கு ஒன்றும் பிடிபடவில்லை என்றாள். அதைத் தூக்கிப் போடச் சொன்னால் கடிக்க வருகிறானாம்.

"அவரை மாதிரியே பழைய துப்பாக்கி சேக்கறவர் நீங்க. நீங்க போலின்னு சொன்னாதான் விடுவார். பொய் சொன்னாலும் பரவால்ல," என்று கிசுகிசுத்தாள்.

பீப்பாய் மாதிரி இருந்தவன் ஹார்வி. இப்போது நாற்காலியில் தோல் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. மடியில் துப்பாக்கி.

"வாடா மோயர். உன் மூஞ்சி பொறாமையில கருக்கறத பாக்கணும்னுதான் உசிரோட இருக்கேன்," என்றான்.

கையில் வாங்கினேன். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. வரிவரியாக நெளியும் மேப்பிள் மரக் கட்டை, எட்டுப் பட்டைக் குழல், கட்டையின் பக்கவாட்டில் டெய்சிப்பூ வெட்டிய பித்தளை மூடி. எங்கள் ஊர்க் கொல்லர்கள் அந்தக் காலத்தில் செய்த அசல் சரக்கு. என் ஆயுளில் இவ்வளவு அழகானதைத் தொட்டதில்லை.

மூடியை அழுத்தித் திறந்தேன்.

குழல் வாய் வழியே இறக்கும் குண்டைச் சுற்றும் துணிக்குத் தடவ, வேட்டைக்காரர்கள் அந்தக் குழிக்குள் கொழுப்பு வைப்பார்கள். அதன் மிச்சம் காய்ந்து கருத்துக் கிடந்தால் எங்களைப் போன்ற கிறுக்கர்கள் அதைக் கும்பிடாத குறையாகப் பாதுகாப்போம். சுரண்டியவனோடு பேசவே மாட்டோம்.

இது கருப்பாக இல்லை. வெளுத்து, கொழகொழவென்று குழி நிறைய இருந்தது.

விரல் வைத்தேன்.

வெதுவெதுப்பாக இருந்தது.

விரலோடு ஒரு நரைமுடி ஒட்டிக்கொண்டு வந்தது. விரலைச் சட்டையில் அழுத்தித் துடைத்தேன், பிசுபிசுப்பு போகவில்லை.

"தொடாதடா. ஒரிஜினல் கொழுப்பு," என்று ஹார்வி சீறினான்.

பழைய துப்பாக்கி கைக்கு வந்தால் குழலுக்குள் கோலை விட்டுப் பார்ப்பது எங்கள் வழக்கம். கோல் முழுதாக இறங்கவில்லை. உள்ளே குண்டு இருந்தது. வாங்கிய அன்றே பார்த்தபோது காலியாகத்தான் இருந்தது என்று ஹார்வி சத்தியம் செய்தான்.

முனையில் திருகு வைத்த கோலை இறக்கிக் குண்டில் திருகி இழுத்தேன். ஈயக்குண்டு துணியோடு வந்து விழுந்தது, சொதசொதவென்று கொழுப்பில் ஊறி. பழந்துணி என்றால் மக்கியிருக்க வேண்டும். இதுவோ நீலக் கட்டம் போட்ட புதுத்துணி.

நிமிர்ந்து பார்த்தேன். ஹார்வியும் நீலக் கட்டச் சட்டைதான் போட்டிருந்தான்.

அதன் வயிற்றுப் பக்கத்தில் வட்டமாக ஓர் ஓட்டை. ஓட்டைக்குள் தெரிந்த தோல், கரண்டியால் வழித்தெடுத்ததுபோல் குழிந்திருந்தது.

"போலிடா," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தரம் சொன்னேன்.

அவன் சத்தமில்லாமல் அழுதான். பிறகு, நான் தரையில் வைத்த துப்பாக்கியை என் பக்கம் காலால் தள்ளிவிட்டான். அதை வண்டியில் ஏற்றும்போது, எரித்துவிடுங்கள் என்று எல்மினா என் கையைப் பிடித்துக்கொண்டாள். சரி என்று தலையாட்டினேன்.

நேற்று அவள் போன் செய்தாள். ஹார்வி தட்டு நிறையப் பன்றிக்கறி ஸ்கிராப்பிள் தின்றுவிட்டு இன்னும் கேட்கிறானாம். சந்தோஷமாக இருந்தது, சத்தியமாக.

இன்று காலை என் மனைவி வெர்னா என் சட்டையை விரித்துக் காட்டினாள். எந்தப் பூச்சி இவ்வளவு வட்டமாகக் கடிக்கும் என்று கேட்டாள். நான் பெல்ட்டை இன்னும் ஓர் ஓட்டை இறுக்கிக்கொண்டேன். அவள் சமையலறைக்குப் போய், கொதிக்கிற வெந்நீர்ப் பாத்திரத்தோடு வந்தாள். சுவரில் மாட்டியிருந்த துப்பாக்கியை நோக்கி நேராக நடந்தாள்.

"என்ன எழவு நாத்தம்ங்க இது. உள்ள ஊத்திக் கழுவிடறேன்."

நான் குறுக்கே போய் நின்றேன்.

"தொடாத வெர்னா. ஒரிஜினல் கொழுப்பு."