முப்பத்தொரு மீட்டர்

“டம்மி மாட்டிட்டியா, கயலு?”

நான்கு மாடிக்கு மேலே ஆன்டெனாவைப் பிடித்துக்கொண்டு, கடையில் கூட வேலை பார்த்த லாரன்ஸ் போனில் கேட்டது அவ்வளவுதான். மாட்டிட்டேண்ணா என்றாள் கயல். மாட்டியிருக்கவில்லை. அது நடந்து இருபத்தாறு நாள் ஆகிறது.

இன்று வெள்ளிக்கிழமை. ஜும்மா தொழுகைக்குக் கிளம்பிய கடை முதலாளி கரீமுல்லா பாய், தொப்பியை மழைக்கு மறைத்துக்கொண்டே, “மாடிக்குப் போற கேபிள் நல்லாகீதானு பாத்து வைம்மா. தண்ணி எறங்கியிருக்கும். நாளைக்குப் புது ஆன்டெனா நிக்கணும்,” என்றார்.

கச்சேரி சாலையிலிருந்து பிரியும் சந்தில், வாக்கி டாக்கி பழுது பார்க்கும் கடை அது. அவர் போனதும் மழையும் மேசை விசிறியும் தவிர வேறு சத்தமில்லை. ஈரச் சுவரின் வாசனையும் காலையில் வைத்த ஈயப் பற்றின் புகையும் கலந்து அறைக்குள்ளேயே நின்றன. கயல் கேபிளின் கீழ்முனையைச் சோதனைக் கருவியில் மாட்டினாள்.

கருவி கம்பிக்குள் ஒரு சிறு துடிப்பை அனுப்பும். கம்பி எங்கே முடிகிறதோ அங்கே போக வழியில்லாமல் துடிப்பு வந்த வழியே திரும்பும். போய்வர ஆன நேரத்தை வைத்து, முனை எத்தனை மீட்டரில் இருக்கிறது என்று திரையில் எண் வரும். மேல்முனை அன்றிலிருந்து எதிலும் மாட்டாமல் கம்பத்து உச்சியில் தொங்குகிறது. முப்பத்தொன்று வர வேண்டும்.

இருபத்துநான்கு வந்தது.

நடுவில் எங்காவது கம்பி நசுங்கியிருந்தால், நீர் புகுந்திருந்தால், எதுவாவது அழுத்திப் பிடித்திருந்தால் துடிப்பு அங்கேயே முட்டித் திரும்பும். அதை அவள் அறிவாள். மழைத் தண்ணீர்தான் என்று சொல்லிக்கொண்டாள். ஆனால் இருபத்துநான்கு மீட்டர் என்பது மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர். லாரன்ஸ் அங்கிருந்துதான் கீழே விழுந்தார்.

டம்மி என்பது கைக்கு அடங்கும் ஓர் உலோகப் பெட்டி. ரேடியோ செட்டைச் சோதிக்கும்போது ஆன்டெனா கேபிளைக் கழற்றிவிட்டு அதை மாட்ட வேண்டும். செட் அனுப்புகிற சக்தி முழுவதையும் அது விழுங்கிக்கொள்ளும். ஒன்றும் திரும்பாது, ஒன்றும் மாடிக்குப் போகாது. லாரன்ஸ் விழுவதற்கு முந்தின நாள், செட்டின் பொத்தானை விடாமல் அமுக்கி அதைக் கருக்கிவிட்டாள் கயல். சொல்ல வெட்கம். பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவள் அவள். “இன்னா இன்ஜினியரம்மா, டம்மிய அடை மாதிரி தீச்சிட்டியா?” என்று லாரன்ஸ் கேட்பார், பாய் சிரிப்பார், காது மடல் எரியும். பெட்டியை டிபன் பைக்குள் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

மறுநாள் வாடிக்கையாளர் ஒருவர் அவசரம் என்று நின்றார். ஒரு நொடிதானே என்று நினைத்தாள். கேபிள் ஆன்டெனாவோடு இருந்தபடியே பொத்தானை அமுக்கினாள். மேலே வெறுங்கையால் ஆன்டெனாவைப் பிடித்திருந்தவருக்குக் கை சுட்டுப் பிடி நழுவ ஒரு நொடி போதுமாயிருந்தது.

மழையில் கால் வழுக்கிவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். அவளும் சொன்னாள். சாவு வீட்டில் லாரன்ஸின் மனைவி பொன்மணி அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அந்தக் கண்ணீர் தோளில் பட்ட சட்டையைக் கயல் அதன்பின் போட்டுக்கொள்ளவில்லை.

இப்போது மறுபடி சோதனைக் கருவியின் பொத்தானை அழுத்தினாள். பத்தொன்பது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். பத்தொன்பதுதான். தண்ணீர் என்றால் கம்பிக்குள் இப்படியா இறங்கும்? கருவியை அணைத்துப் போட்டாள். கேபிள் முனையைக் கழற்றி, பாவாடை நுனியால் துடைத்து, திரும்பவும் திருகினாள்.

பதினைந்து.

வெளிச்சுவரில் கேபிள் ஒரு தடவை தட்டியது. காற்று என்றால் விட்டுவிட்டு ஆடித் தட்டும். இது அப்படியில்லை. தட்டியது, நின்றது, இழுபட்டது. மேசைமேல் கிடந்த கேபிள் வளையம் ஒரு விரற்கடை தானாக நகர்ந்து, மேலே ஏதோ பாரம் தொங்குவதுபோல் இறுகியது.

பதினொன்று.

ஓடியிருக்கலாம். வாசல் நான்கடி தூரம். ஆனால் ஓடினால் எதற்கு ஓடினாய் என்று யாராவது கேட்பார்கள். கேட்டால் சொல்ல வேண்டும். கயல் உட்கார்ந்தே இருந்தாள்.

ஏழு. சன்னல் உயரம்.

மழை வாசனைக்குள் வேறொன்று. கருகிய தோல்.

விசிறி நின்றது.

மூன்று.

விரல் அவளைக் கேட்காமலே அழுத்தியது. இந்த முறை திரையில் எண் இல்லை. நேர்கோடு. எதுவும் திரும்பவில்லை. அனுப்பியதை எல்லாம் முழுசாக வாங்கிக்கொள்கிற ஒன்று கம்பியின் இந்த முனையிலேயே வந்து நின்றுவிட்டது. அவளுடைய முதுகுக்குப் பின்னால்.

திரும்பவில்லை. தோளில் ஒரு சொட்டு விழுந்தது. மேலே ஒழுகாத தளம். இன்னொரு சொட்டு.

“கயலு, கீறியா?”

வாசலில் பொன்மணி. பெரும்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த களைப்பு முகத்தில். முந்தானையால் தலையைத் துவட்டிக்கொண்டே செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். பேசும் மனித முகத்தைப் பார்த்ததும் கயல் கருவியிலிருந்து கையை எடுத்தாள்.

“பாய் இல்லியா? பரவால்ல, உன்னாண்டதான் வந்தேன்.” பொன்மணி ஸ்டூலை இழுத்து எதிரே உட்கார்ந்தாள். ஈரச் சேலையைத் தொடையில் நீவிவிட்டாள். “தூக்கமே வர்ல கண்ணு. கடசியா உங்கூடதான் போன்ல பேசிக்கினு இருந்தாருன்னாங்க. இன்னா சொன்னாரு? ஒரு வார்த்தைன்னாலும் சொல்லு.”

சொல்லிவிடு. ஒரே வரி. இரண்டே சொல்: டம்மி மாட்டல.

கயல் வாயைத் திறந்தாள். காது மடல் எரிந்தது. எதிரே இருந்த கண்கள் அவளிடம் எதையும் சந்தேகிக்கவில்லை, அதுதான் தாங்கவில்லை.

“உங்களப் பத்திதான் பேசுனாரு, அக்கா,” என்றது அவள் குரல். “மழையா கீது, சீக்கிரம் வீட்டுக்குப் போவணும், பொன்மணி தனியா இருக்கும்னாரு.”

பொன்மணியின் முகம் மலர்ந்தது. உதடு துடித்தது. “அப்டியா சொன்னாரு?” என்று கயலின் கையைப் பிடிக்க முன்னால் குனிந்தாள்.

குனிந்தவள் நின்றாள்.

அவள் பார்வை கயலின் முகத்திலிருந்து தோளுக்கு ஏறியது. தோளிலிருந்து இன்னும் மேலே. ஓர் ஆள் உயரத்துக்கு. அங்கேயே நிலைத்தது. மலர்ந்த முகம் அப்படியே இருக்க, கண்ணில் மட்டும் ஏதோ வடிந்து போனது.

பிறகு பொன்மணியின் தலை மெல்ல இடமும் வலமும் அசைந்தது. எதிரே இன்னொருவர் தலையை ஆட்டி இல்லை, இல்லை என்று மறுப்பதைப் பார்த்து, தன்னையறியாமல் தானும் ஆட்டுகிறவள் போல.

“அக்கா,” என்றாள் கயல். “அக்கா, இன்னாத்த பாக்குறீங்க?”

பொன்மணி எழுந்தாள். கயலை ஒரு முறை பார்த்தாள். அந்தப் பார்வையில் கேள்வி எதுவும் மிச்சமில்லை. நீட்டிய கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டு, கயலின் பின்னால் நின்றதற்கு முதுகு காட்டாமல், ஓரடி ஓரடியாகப் பின்வாங்கினாள். படியைக் காலால் துழாவி இறங்கி, செருப்பை விட்டுவிட்டு மழைக்குள் போனாள்.