தொட்டது தெரியாத கால்

அந்தச் சிவப்புப் பொட்டுகள் தொட்டில் வரைக்கும் போய்த் திரும்பியிருந்தன.

சமையலறை வாசலில் தொடங்கி, கூடத்தைத் தாண்டி, தாரணியின் அறைக்குள் நுழைந்து, கைக்குழந்தை தூங்கும் தொட்டிலடியில் சற்றே அடர்ந்து, மறுபடி வெளியே... யாரோ எண்ணி எண்ணித் தெளித்ததுபோல!

"நேத்தும் இப்படித்தான் இருந்துச்சு. குங்குமம்னு நெனச்சுத் தொடைச்சேன்." தாரணி தரையைக் காட்டினாள். "விடியறதுக்குள்ள எங்க ரூமுக்குள்ள யார் வர்றது? நீங்கதானே அத்தை? எம் பிள்ளைகிட்ட எதைத் தெளிக்கிறீங்க?"

சண்முகவடிவு திகைத்துப் போனாள். "போர்வை விலகியிருக்கான்னு பாக்க வருவேன்மா... வேற ஒண்ணும் தெரியாதே எனக்கு!"

அவள் மகனைப் பார்த்தாள். கணவர் சுயம்புலிங்கம் கண்மூடியபின் தி. நகர் துணிக்கடையில் தனியாக நின்று அவள் ஆளாக்கிய பிள்ளை, ராம்குமார். அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"அம்மா... கொஞ்ச நாள் தூத்துக்குடில மாமா வீட்டுல இருந்துட்டு வாங்களேன்."

வடிவு ஈரத்துணியை எடுத்துக் குனிந்து, ஒவ்வொரு பொட்டாகத் துடைத்துக்கொண்டே அறைவாசல் வரை போனாள். எழுந்து திரும்பினாள்.

துடைத்த தரையில், அவள் வந்த வழியெங்கும், புதிதாகச் சிவந்திருந்தது.

தாரணி வாயைப் பொத்திக்கொண்டாள். "அத்தை... உங்க காலு!"

உள்ளங்காலில், புதுச் சட்டையில் குத்தி வரும் குண்டூசி ஒன்று தலைவரை இறங்கியிருந்தது. சுற்றிலும் சீழ்.

"வலிக்கலையாம்மா?" ராம்குமார் அலறினான்.

"இல்லியேப்பா." யாருடைய காலையோ பார்ப்பதுபோல் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குழந்தையைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு வந்திருந்தார்கள். மேற்கு மாம்பலத்தில் டாக்டர் நீரஜா ஊசியை எடுத்து, புண்ணைக் கழுவிக் கட்டினாள். பிறகு மெல்லிய நைலான் இழை ஒன்றை எடுத்தாள்.

"கண்ணை மூடிக்குங்கம்மா. கால்ல படறப்ப எல்லாம் சொல்லுங்க."

வடிவு கண்ணை மூடிக் காத்திருந்தாள். மின்விசிறி சுற்றியது. வெளியே ரயில் போனது. பக்கத்தில் யாரோ விசும்பினார்கள்.

"எப்பம்மா ஆரம்பிப்பீங்க?"

"முடிஞ்சிருச்சு அத்தை..." தாரணி உடைந்து அழுதாள். "ரெண்டு கால்லயும் எல்லா இடத்துலயும் வச்சுப் பாத்துட்டாங்க..."

வடிவு கண் திறந்து பார்த்தாள். கால்கள் அங்கேதான் இருந்தன. ஆனால் அங்கே அவள் இல்லை.

"சர்க்கரை நரம்பைத் தின்னுருக்கு," என்றாள் டாக்டர். "சர்க்கரைக்குப் பாக்கற டாக்டர் வருஷா வருஷம் கால் டெஸ்ட் பண்ணச் சொல்லலையா?"

"சொன்னாங்க. பஞ்சுமேல நடக்கிறாப்ல இருந்துச்சு... தாரணிக்கு ஆபரேஷன் பண்ணிப் பிள்ளை பிறந்த நேரம். அவளை விட்டுட்டு எங்க போக?"

"போன உணர்ச்சி முழுசாத் திரும்பறது கஷ்டம்மா. காலைக் காப்பாத்திடலாம். வீட்டுக்குள்ளயும் செருப்புப் போடணும். தினமும் யாராவது உள்ளங்காலைப் பாக்கணும்."

"நான் பாக்கறேன்!" தாரணி தரையில் உட்கார்ந்து அந்தக் காலை மடியில் எடுத்துக்கொண்டாள். "பாவி நான்... என்னவெல்லாம் பேசிட்டேன்! எங்கயும் போகாதீங்க அத்தை..."

ராம்குமார் சுவரோடு சாய்ந்து முகத்தை மூடிக்கொண்டான்.

மருமகளின் கண்ணீர் பாதத்தில் சொட்டுவதை வடிவு பார்த்தாள். காலுக்கு ஒன்றும் தெரியவில்லை. குனிந்து அந்தத் துளியை விரலால் தொட்டாள்.

சுட்டது.

"அழாதடி," என்றாள், அந்தக் கையாலேயே அவள் கன்னத்தைத் துடைத்து. "பிள்ளை பசிச்சு எந்திரிச்சிருப்பான். வா, வீட்டுக்குப் போவோம்."