அட்டையில் ஒன்றும் இல்லை

ஹோட்டல் அறையின் பூட்டில் சாவி அட்டையை வைத்ததும் பச்சை விளக்கு எரிந்தது. அதே நொடியில் அவளுக்குத் தன் கைபேசியைத் திறக்கும் எண் மறந்துபோனது. பயண அசதி என்று நினைத்துக்கொண்டாள். கட்டைவிரலை வைத்ததும் கைபேசி திறந்துகொண்டது, அதோடு அதை விட்டுவிட்டாள்.

மருத்துவமனைகளில் ஸ்கேன் இயந்திரங்களைப் பழுது பார்ப்பது அவள் வேலை. மாதத்தில் பாதி நாள் ஹோட்டல் வாசம். பேர், விலாசம், வங்கி விவரம் எல்லாம் இந்தச் சாவி அட்டைகளில் ஏறிவிடும், எவன் கையிலாவது சிக்கினால் குடும்பமே தெருவுக்கு வந்துவிடும் என்பது அவள் கட்சி. அதனால் அறைக்கு மின்சாரம் வர அட்டையைச் செருகும் சுவர்த் துளையில் ஒரு பழைய விசிட்டிங் கார்டைச் செருகிவிட்டு, சாவி அட்டையை உடம்போடு வைத்துக்கொள்வாள். வெளியே கிளம்பினால் கதவைச் சாத்தி, திறந்து, மறுபடி சாத்திப் பார்ப்பாள். உன் விவரத்தைத் திருடுகிறவன் உன் இடத்தில் ஒரு நாள் குப்பை கொட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவான் என்று கணவன் கிண்டல் செய்வான்.

வீட்டில் வாண்டு என்று கூப்பிடும் அவர்களுடைய சின்ன மகளுக்கு மறுநாள் காலை தொண்டையில் அறுவை சிகிச்சை. வேலை முடியாமல் இவள் இங்கே மாட்டிக்கொண்டாள். சாயங்காலம் போனில் நொண்டி எறும்பு கதை சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தாள். அவளே கட்டிய கதை, வேறு யாருக்கும் தெரியாது. அதைக் கேட்காமல் ஊசி போட விடமாட்டேன் என்று வாண்டு ஒரே அடம்.

தண்ணீர் பாட்டில் வாங்கக் கீழே போனாள். வழக்கம்போல் சாத்தினாள், திறந்தாள், சாத்தினாள். திரும்பி வந்தபோது நடைபாதையில் கம்பளத்தின் ஈர வாடையும் பினாயில் நெடியும் கலந்து அடிக்க, எங்கோ ஒரு குளிர்சாதனப் பெட்டி விட்டு விட்டு முனக, அவள் நிழல் மட்டும் விளக்குக்கு விளக்கு நீண்டும் குறுகியும் கூடவே வந்தது. உள்ளே நுழைந்து உட்கார்ந்ததும் பக்கத்து அறையிலிருந்து ஒரு பெண் குரல் சுவர் வழியாகக் கேட்டது. பரீட்சைக்கு மனப்பாடம் செய்வதுபோல் திக்கித் திக்கி ஏதோ எண்களைச் சொல்லிக்கொண்டிருந்தது.

கேட்ட எண்களைக் கைபேசியில் அழுத்திப் பார்த்தாள். திறந்தது.

படியிறங்கி வரவேற்பு மேஜைக்கு ஓடினாள். அங்கிருந்த பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"மேடம், இந்த அட்டையில ஒண்ணுமே இல்ல. ரூம் நம்பர், எத்தன நாள் தங்குறீங்க, அவ்வளவுதான். உங்க பக்கத்து ரூம்ல யாரும் தங்கவும் இல்ல."

வேறு அட்டை கேட்டாள். பிறந்த தேதியைக் கேட்டார்கள். யோசித்தாள். வரவேற்புப் பெண் அவள் அடையாள அட்டையைப் பார்த்துத் தானே எழுதிக்கொண்டாள்.

புது அட்டையை லேசில் நம்பிவிடுவாளா? கதவுக்கு முன் நின்று சோதித்தாள். பச்சை. சாத்தினாள். பச்சை. மறுபடியும் சாத்தினாள். பக்கத்து அறையில் அந்தக் குரல் இப்போது ஒரு தெருவின் பெயரைச் சொன்னது. ஒரு பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொன்னது. பிரசவ வலி எடுத்த அன்று பெய்த மழையைப் பற்றிச் சொன்னது. திக்கல் குறைந்திருந்தது. யாருடைய பிரசவம் என்று அவள் யோசித்தாள். பிடிபடவில்லை.

பச்சை.

பயமும் குறைந்துவிட்டது. எதற்காகப் பயந்தோம் என்றே தெரியவில்லை. விரல்கள் மரத்திருந்தன. உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள்.

போன் அடித்தது. திரையில் ஒரு குழந்தையின் படம். முன்பல் இல்லாத சிரிப்பு.

"அம்மா, எறும்பு கத சொல்லு."

எந்த எறும்பு என்று கேட்டாள். அந்தப் பக்கம் விசும்பல். ஒரு ஆண் போனை வாங்கினான்.

"என்ன ஆச்சு உனக்கு? பாப்பா அழறா. ஏதாவது பேசு."

நல்ல மனிதனின் குரலாகப் பட்டது. தவறான எண் போலிருக்கிறது என்று மரியாதையாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

உடனே பக்கத்து அறையில் போன் அடித்தது.

"அழாத கண்ணு, அம்மா சும்மா வெளையாடினேன். சொல்றேன், கேளு. ஒரே ஒரு ஊர்ல ஒரு நொண்டி எறும்பாம்..."

துளி திக்கல் இல்லை. குரலில் அத்தனை ஆசை. கொஞ்ச நேரத்தில் சுவருக்கு அப்பால் ஒரு குழந்தை சிரித்தது. இவள் மடியில் கை வைத்துக்கொண்டு முழுக்கக் கேட்டாள். கதை நன்றாகத்தான் இருந்தது.

பிறகு பக்கத்துக் கதவு திறந்தது. பெட்டியின் சக்கரங்கள் உருண்டன. இவள் அறை வாசலில் நின்றன.

எழுந்துபோய்க் கதவிலிருந்த கண்ணாடி ஓட்டை வழியாகப் பார்த்தாள். ஒரு பெண். எங்கோ பார்த்த முகம். அழுது சிவந்த கண். தன் கைபேசியில் முன்பல் இல்லாத குழந்தையின் படத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து, ஓட்டைக்குள் நேராகப் பார்த்து, உதடசைத்து நன்றி சொன்னாள்.

இவளும் உள்ளிருந்தபடியே தலையாட்டினாள். பாவம், பிள்ளையைப் பார்க்கப் போகிறாள், பத்திரமாகப் போய்ச் சேரட்டும்.