காலிக் குப்பி

காலிக் குப்பியை அளந்தால் கோடு நேராக வர வேண்டும். திரையில் ஒரு சிறிய மேடு தெரிந்தது.

அம்மோனியாப் பனிமணிகளைக் குப்பியிலிட்டு, திரவ ஹீலியத்தின் குளிரில் வைத்து, பெரிய காந்தத்தால் அவற்றின் புரோட்டான் சுழற்சிகளை ஒரே திசைக்குத் திருப்பி, அவற்றின் மேல் எலக்ட்ரான்களை மோதவிட்டு அணுக்கருவுக்குள் எட்டிப் பார்ப்பதுதான் ஐந்து ஆண்டுகளாக ஆய்வு மாணவியான அவளுடைய வேலை. முதலில் வெறும் குப்பியை அளந்து, அந்த அளவைப் பிறகு எடுக்கும் எல்லா அளவுகளிலிருந்தும் கழிக்க வேண்டும்.

"காலியா இருக்கிறத அளக்க ஒரு டாக்டர் பட்டம்," என்றார் ஹீலியம் ஊற்றும் அண்ணன், காந்த அறையைப் பூட்டிச் சாவியை அவள் மேசையில் வைத்தபடி. "நான் சாப்பிட்டுட்டு வரேன்மா. நீ அதையே முறைச்சுக்கிட்டு இரு."

பம்புகள் ஒரே சீராக உறுமிக்கொண்டிருந்தன. சூடான ஒயரின் வாடை மூக்கில் ஏறியது. மேடு மெல்ல உயர்ந்து, மெல்லத் தாழ்ந்தது. அவள் மூச்சை இழுக்கும்போது உயர்ந்தது. விடும்போது தாழ்ந்தது.

மூச்சை அடக்கினாள்.

மேடு அசையாமல் காத்திருந்தது.

ஆய்வு வழிகாட்டியை ஃபோனில் அழைத்தாள். "சார், காலிக் குப்பியில சிக்னல் வருது."

"கழிச்சுடு."

"அசையுது சார். பழைய டேட்டாவுலயும் இருந்திருக்கலாம்."

"அப்ப மூணு வருஷ டேட்டாவைத் தூக்கிக் குப்பையில போடுவோமா? வெள்ளிக்கிழமை தீசிஸ்ல என் கையெழுத்து வேணுமா, வேண்டாமா?"

போன கட்டுரையில் அவள் பெயரைக் கடைசி நன்றி வரிக்குத் தள்ளியவர். அன்றும் "சரி சார்" என்றாள். இன்றும் அதையே சொன்னாள்.

கழித்தாள். கோடு நேரானது. யாரும் குறை சொல்ல முடியாத கோடு.

நெஞ்சில் ஏதோ நின்றிருந்தது.

மூச்சை இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. திணறலும் இல்லை.

எழுந்து, காந்த அறையைப் பிரிக்கும் குளிர்ந்த கண்ணாடியில் வாயை வைத்தாள். ஆவி படியவில்லை.

மறுபடியும் வைத்தாள்.

இல்லை.

கண்ணாடிக்கு அப்பால் காந்தம். குழாய்கள். ஆளில்லாத தரை.

அந்தப் பக்கத்தில், அவள் வாய்க்கு நேராக, ஒரு வட்டம் ஆவி படர்ந்தது. சுருங்கியது.

மீண்டும் படர்ந்தது.