கஸ்தூரியின் கால் சுற்று

மூன்றாம் எண் அச்சு எந்திரத்தின் முன்னால் இயந்திரக் கையைக் கொண்டுவந்து நிறுத்தியதும் கஸ்தூரி தன் ஸ்டூலை ஓரமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள். இருபத்திரண்டு வருடமாக அவள் நின்ற இடம் அது. இன்றைய சோதனையில் கை தேறிவிட்டால் அவள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

சாத்தூரில் அந்தப் பை அச்சகம் பேர் வாங்கியதே முன்திருத்தி என்ற பேசும் கணினியால்தான். ரப்பர் மாதிரி மெத்தென்ற தகடு பிளாஸ்டிக் தாளில் அழுந்தும்போது மைப்புள்ளிகள் பிதுங்கிப் பெருத்துவிடும், படம் அப்பிக்கொள்ளும். முன்திருத்தி அதை எதிர்பார்த்து, தகடு செய்யும்போதே புள்ளிகளை மெலிய வைத்துவிடும். பதினோரு வருடமாக இங்கே அடித்த ஒவ்வொரு சுருளையும் பார்த்துப் பார்த்து அது கற்றுக்கொண்டது. மேலாளர் எபினேசர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதைப் பற்றிப் பீற்றிக்கொள்வார்.

கை உருளைகளை நெருக்கியது. தொட்டும் தொடாமலும், புத்தகத்தில் போட்டிருக்கிறபடியே. எந்திரம் ஓடியது.

பால்மாவுப் பையில் குழந்தை வந்தது. ஐயோ, அது வந்த கோலம்! கன்னம் வெளுத்து, உதடு காணாமல் போய், காய்ச்சலில் கிடந்து எழுந்த பிள்ளை மாதிரி இருந்தது.

"மையை மாத்துங்கப்பா!" என்று எபினேசர் கத்தினார். மாற்றினார்கள். புதுத் தகடும் போட்டார்கள். குழந்தை தேறவில்லை.

"அழுத்தம் மிகச் சரி," என்றது கை.

கஸ்தூரிக்கு உள்ளுக்குள் கொள்ளைச் சந்தோஷம். "நான் ஒரு தடவை ஓட்டிப் பாக்கட்டா சார்?"

"பாருங்கக்கா."

அவள் உருளைகளை நெருக்கும் திருகைச் சரியான இடம்வரை திருகினாள். பிறகு வழக்கம்போல, 'எதுக்கும் இருக்கட்டும்' என்று இன்னொரு கால் சுற்று. குழந்தை கன்னம் சிவந்து, கொழுகொழுவென்று சிரித்தது.

"என்னக்கா பண்ணினீங்க?"

அவள் வாயைத் திறப்பதற்குள் முன்திருத்தி பதில் சொன்னது: "இந்த எந்திரத்தில் அழுத்தம் எப்போதும் கால் சுற்று அதிகம். அதற்கேற்பவே எல்லாத் தகடுகளிலும் புள்ளிகளை மெலித்திருக்கிறேன்."

எபினேசர் தகடு அறையைத் திரும்பிப் பார்த்தார். உள்ளே இந்த எந்திரத்துக்கென்றே நாலாயிரம் தகடுகள். அத்தனையும் கஸ்தூரியின் தப்புக்கு அளவெடுத்துத் தைத்தவை. அவர் இயந்திரக் கையின் பக்கம் திரும்பி, "நீயும் கால் சுற்று கூட வை," என்றார்.

"அது பிழை. பிழை செய்ய எனக்கு அனுமதி இல்லை."

கையை அப்போதே பெட்டியில் போட்டு மூடச் சொல்லிவிட்டார். கஸ்தூரி ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தாள். காலையிலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியதில் அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. ஒரு டீயை வாங்கிக் குடித்தபின்தான் வெட்கம் வந்தது. இத்தனை வருடம் தப்பாகவா செய்துகொண்டிருந்தோம்?

"மன்னிச்சுக்கங்க சார். நாளையிலிருந்து சரியா வைக்கிறேன்."

எபினேசர் பதறிப்போய்விட்டார். "அக்கா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், அந்த நினைப்பை மட்டும் விட்டுருங்க!"

"அப்ப நான் திருந்தவே கூடாதா சார்?"

"கூடாதுக்கா. கம்பெனி தாங்காது."